400 வெள்ளிக்கு எந்த பிக்கப்? ஈசூன் நண்பருக்கு ஒரு பதில்

சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீடு. இந்தோனேசியாவில் தயாரான ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ மின்சாரக் கிட்டார்; அதில் தந்தியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் மூன்று: தந்திகளின் அடி நிற்கும் பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் கொண்ட ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்தை ஒட்டிய நெக் பக்கமும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில். கல்யாணங்களிலும் சமூக மன்றங்களிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் இருக்கிறீர்கள். வீட்டில் சொருகினால் ஒரே இரைச்சல், மேடையில் ஒலி மெலிந்து காணாமல் போகிறது. கையில் 400 வெள்ளி இருக்கிறது, மூன்று பிக்கப்பையும் மாற்றிவிடலாமா, எந்த பிராண்ட் நல்லது, குழுவில் ஒருவர் "16 கிலோ ஓம் இருக்கிற மாதிரி பார்த்து வாங்கு" என்கிறாரே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் கேள்வியைப் படித்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு என்று தோன்றுகிறது: இரைச்சல் எங்கிருந்து வருகிறது, மெலிவு எங்கிருந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை. பிக்கப்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவன், பகலில் வேறு வேலை. பதினெட்டு வருஷமாக மாலை நேரங்களில் நண்பர்களின் கிட்டார்களையும் அவர்களுடைய நண்பர்களின் கிட்டார்களையும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். மெல்லிசை மேடைகளிலும் வாசித்திருக்கிறேன். மெட்டல் என் பக்கம் கிடையாது. ஒன்பது வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப்புகளைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேனே தவிர அவற்றோடு பழகியதில்லை, ஆகவே அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பிக்கப் ரொம்ப எளிய சாமான். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பி. ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலில் 0.063 மில்லிமீட்டர் கம்பியை ஏழரை ஆயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது இதைத்தான். நைலான் தந்தி போட்டால் இதே பிக்கப் செவிடு. தன் தலைக்கு மேலே இருக்கும் சிறு துண்டுத் தந்தி எப்படி ஆடுகிறது என்பது மட்டும்தான் அதற்குக் கேட்கும். அதனால் ஒரே பிக்கப்பை பிரிட்ஜ் பக்கம் வைத்தால் கறாராகவும் நெக் பக்கம் வைத்தால் உருண்டு திரண்டும் ஒலிக்கும். தொனியைத் தீர்மானிப்பதில் இடத்துக்குத்தான் முதல் பங்கு. அதை நீங்கள் மாற்றப்போவதில்லை.

அடுத்த பங்கு சுருளின் இண்டக்டன்ஸுக்கு, அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணத்துக்கு; அதை ஹென்றியில் அளப்பார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைப் பேச்சில் வரும் "வெதுவெதுப்பு", "கண்ணாடித் தன்மை" எல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். ஊஞ்சலுக்கு அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் உயரே போகும், மாற்றித் தள்ளினால் நிற்கும். அதுபோல் பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கபாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைத் தேக்கும் குணம், பிகோஃபாரட் அதன் அளவு) சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கும், அதற்கு மேலே உள்ளதை மளமளவென்று இறக்கிவிடும். அந்த மேடு எங்கே நிற்கிறதோ அதுதான் பிக்கப்பின் குணம். ஸ்ட்ராட் சிங்கிள் காயிலுக்கு சுமார் 2.4 ஹென்றி. 3 மீட்டர் கேபிள், உள் வயரிங் எல்லாம் சேர்த்து 500 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மேடு 4,600 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பழைய பாணி ஹம்பக்கர் 4.5 ஹென்றி என்றால் 3,350. நிறையச் சுற்றிய 'ஹாட்' ஹம்பக்கர் 8 ஹென்றி என்றால் 2,500. முதலாவதில் தந்தியின் மினுக்கம் கேட்கும், கடைசியில் தொண்டை கட்டிய குரல் கேட்கும். எது நல்லது என்று கேட்காதீர்கள், கர்ஜிக்கிற ஆம்ப்புக்கு முன்னால் அந்தத் தொண்டைக் கட்டுதான் வேண்டியிருக்கும்.

இப்போது அதே ஸ்ட்ராட்டில் கேபிளை மட்டும் நீட்டி மொத்தத்தை 1,000 பிகோஃபாரட் ஆக்குங்கள். மேடு 3,250க்கு இறங்கிவிடும். அதாவது ஹம்பக்கர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும், ஒரு காசு பிக்கப்புக்குச் செலவழிக்காமல். சில வருஷங்களுக்கு முன் எங்கள் குழுவோடு வாசிக்கும் அண்ணன் ஒருவர் புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டுக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு செட் பிக்கப் மாற்றியாகிவிட்டது, இன்னும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கிறது என்று புலம்பல். அவர் மேடையில் பயன்படுத்தியது டெலிபோன் வயர் மாதிரி சுருண்ட பழைய கேபிள், இழுத்தால் பத்து மீட்டர் வரும். என் 3 மீட்டர் கேபிளைச் சொருகிக் கொடுத்தேன். ஒரு ஈ மைனர் கார்டு அடித்தார். கிட்டாரைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார். "அட, இதுக்கா நான் ஐந்நூறு வெள்ளி கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்க மறந்து போனார்.

உங்கள் புகார் மந்தம் இல்லை, மெலிவு. அதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி: மேடையில் கிட்டாரை எதில் சொருகுகிறீர்கள்? நம் கல்யாண மேடைகளில் ஆம்ப் கொண்டுவரச் சோம்பல்பட்டு நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகும் வழக்கம் உண்டு. கிட்டார் பிக்கப்புக்கு எதிரே ஒரு மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) அளவுக்கு இன்புட்டின் மின்தடை இருக்க வேண்டும். மிக்சரின் லைன் இன்புட் பத்து, இருபது கிலோ ஓம்தான் இருக்கும். அந்தச் சுமையில் பேட்டரி இல்லாத எந்தப் பாசிவ் பிக்கப்பும் செத்துவிடும். மேல் ஸ்தாயி போய்விடும், அளவும் குறைந்துவிடும். இருநூறு வெள்ளிப் பிக்கப் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். நடுவில், கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஒரு ஆக்டிவ் டிஐ பெட்டியோ மல்டி எஃபெக்ட் பெடலோ இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. இரண்டாவது கேள்வி: வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆம்ப்பில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை (நடு ஸ்தாயியை) இறக்கி வைத்திருக்கிறீர்களா? தனியாகக் கேட்க அது தேன். கீபோர்டு, பேஸ் கிட்டார், தபலா, ரிதம் பேட் எல்லாம் சேர்ந்த மேடையில் கிட்டாருக்கென்று மிச்சம் இருக்கும் இடமே மிட்தான், அதை நீங்களே காலி செய்துவிட்டால் யார் காதிலும் விழாது. இந்த இரண்டையும் பார்த்த பிறகும் மெலிவு போகவில்லை என்றால்தான் பிக்கப்பைச் சந்தேகிப்பேன்.

16 கிலோ ஓம் விஷயத்துக்கு வருகிறேன். மல்டிமீட்டரில் தெரியும் அந்த எண், சுருளில் உள்ள செம்பின் மின்தடை. ஒலியின் அளவு அதில் நேராக எழுதியிருப்பதில்லை. ஒரே எண்ணிக்கைச் சுற்றை 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜில் சுற்றினால் மின்தடை கால் பங்கு ஏறிவிடும், தந்தியிலிருந்து வரும் மின்னழுத்தமோ ஏறக்குறைய அதேதான். காந்தத்தின் பலமும் இந்த எண்ணில் தெரியாது. இன்னொன்று, செம்பு சூடானால் மின்தடை கூடும், ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் போல. ஏசி அறையில் 24 டிகிரியில் 6.00 காட்டும் பிக்கப், நம் ஊர் மதியத்தில் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்து அளந்தால் 6.2 பக்கம் காட்டும். அதற்குள் அது ஹாட்டர் பிக்கப் ஆகிவிட்டதா? ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே கம்பி என்று தெரிந்தால் எண்ணை ஒப்பிடலாம். சாதாரண ஸ்ட்ராட் காயில் ஐந்தரை முதல் ஆறரை, பழைய பாணி ஹம்பக்கர் ஏழு முதல் ஒன்பது என்பது பொதுவான எல்லை. சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்கவும் இந்த அளவு உதவும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

16 கிலோ ஓம் பிக்கப்பை நானே வாங்கி மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால். ஒலி பெரிசாக வேண்டும் என்ற ஆசையில் ஹாட் ஹம்பக்கர் ஒன்றை பிரிட்ஜில் போட்டேன். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டபோது சிங்கம். அந்த வாரம் ஒரு சமூக மன்றத்தில் பொங்கல் நிகழ்ச்சி. எண்பதுகளின் திரைப்பாட்டு ஒன்றில் கிட்டார் ஆர்ப்பெஜியோதான் முன்னுரை. ஒவ்வொரு சுரமும் மணிமணியாக உதிர வேண்டும். எனக்கோ ஆறு தந்தியும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாக வந்தது. பாடகி பாதியில் திரும்பி என்னைப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்து பைகளைக் கட்டும்போது, "அண்ணே, இன்னிக்கு நீங்க வாசிச்சீங்களா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். மறுநாளே பழைய பிக்கப் திரும்ப ஏறியது. நம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் பாதி நேரம் சுத்தமான ஒலியில்தான் வாசிக்கிறது, கீபோர்டு நடு ஸ்தாயியை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் ஹாட் பிக்கப் எதிரி. 16 கிலோ ஓம் என்று சொன்ன உங்கள் குழுக்காரர் வேறு எங்காவது ராக்கும் வாசிப்பவர் என்றால், அவர் சொன்னது அங்கே அவருக்குச் சரியாக இருக்கலாம்.

அடுத்தது இரைச்சல். இங்கே இரண்டு வகை இருக்கிறது, மருந்தும் வேறு வேறு. கிட்டாரை மாட்டிக்கொண்டு, வால்யூமை முழுதாக வைத்து, தந்திகளை உள்ளங்கையால் தொட்டு அமுக்கி விடுங்கள். தொட்டவுடன் 'ஜ்ஜ்ஜ்' என்ற கூர்மையான இரைச்சல் குறைந்தால் அது மின்புலத்தால் வருவது. கிட்டாரின் உள்குழியில் செம்புத் தாள் ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் பெரும்பகுதி போய்விடும். தொட்டாலும் குறையாமல் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் இருந்தால், இருந்த இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்தால் அது காந்தப்புலம்: ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர், கம்ப்யூட்டர், சார்ஜர், எங்கோ சுவருக்குள் ஓடும் வயர். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50ம் அதன் மடங்கு 100ம்தான் நீங்கள் கேட்கும் உறுமல். செம்புத் தாள் இதைத் தடுக்காது. எத்தனை பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செம்புத் தாள் ஒட்டிவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? தவறு தாளில் இல்லை. உறுமலின் வகையைப் பார்க்காமல் மருந்து போட்டார்கள். மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள விளக்கு இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள், சார்ஜர்களைப் பிடுங்கிப் பாருங்கள். கிட்டாரையும் மைக்கையும் ஒன்றாகத் தொடும்போது சுருக்கென்று மின்சாரம் உறைத்தால் அது வேறு விஷயம். வாசிப்பை நிறுத்திவிட்டு, பிளக்கின் எர்த் முனையையும் ஆம்ப்பையும் உரிமம் உள்ள ஆளிடம் காட்டுங்கள்.

காந்தப்புல உறுமலுக்குத்தான் ஹம்பக்கர் பிறந்தது. கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் இரண்டு சுருள்களை எதிர் எதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிர்மறையாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடிக்கொள்ளும். 1955இல் விண்ணப்பித்தார், காப்புரிமை 1959இல் கிடைத்தது. அந்தக் காலத்துப் பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' (Patent Applied For) என்று ஒட்டிய தாளின் பெயராலேயே அவற்றை இன்றும் 'பாஃப்' என்கிறார்கள். உங்கள் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப் ஏற்கெனவே இந்த வகை. ஆகவே சுவிட்சை பிரிட்ஜில் மட்டும் வைத்தால் உறுமல் அடங்குகிறதா? அடங்கினால் உங்கள் 400 வெள்ளியில் பிரிட்ஜுக்கு ஒரு பங்கும் போக வேண்டியதில்லை. அடுத்து, நடுவையும் நெக்கையும் சேர்த்து வைக்கும் நிலையில் கேளுங்கள். பல கிட்டார்களில் நடுப் பிக்கப்பை எதிர்ச் சுற்றாகச் செய்திருப்பார்கள், அந்த நிலையில் உறுமல் தானாக அடங்கும். எண்பதுகளின் 'குவாக்' ஒலி கிடைப்பதும் அங்கேதான். நெக் பிக்கப்பைத் தனியாக வைத்து சோலோ வாசிக்கும்போதுதான் தொல்லை என்றால், மிச்சம் இருக்கும் வழி சிங்கிள் காயில் அளவில் வரும் 'நாய்ஸ்லெஸ்' வகை. இவற்றில் இரண்டு சுருள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். நல்ல சாதாரண சிங்கிள் காயிலின் அந்தக் கடைசிப் பளபளப்பு இவற்றில் சற்றுக் குறையும் என்பது என் காதின் கணிப்பு. இரவு பத்து மணிக்கு ஹெட்ஃபோனில் வாசிக்கும் அடுக்குமாடிவாசிக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை.

இதுவரை சொன்னவை அளந்து பார்க்கக்கூடியவை. இனி வருபவை அப்படியில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ 2 காந்தம் 'மென்மை', அல்நிக்கோ 5 'கூர்மை', செராமிக் 'முரடு' என்பார்கள். 5, 2ஐவிட பலமானது என்பது உறுதி, ஒலி அளவும் கூடும். ஆனால் செராமிக் என்றாலே மட்டம் என்பதை நான் ஏற்கவில்லை; விலை குறைந்த சிங்கிள் காயில்கள் பலவற்றில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் எஃகுக் கட்டைகளுக்கு அடியில் செராமிக் பட்டை ஒட்டியிருப்பதால் வந்த கெட்ட பெயர் அது. அங்கே எஃகும் இண்டக்டன்ஸை ஏற்றித் தொனியை மாற்றுகிறது, பழி முழுக்கக் காந்தத்தின் தலையில். கையால் ஒழுங்கில்லாமல் சுற்றிய சுருள் இனிமையானது, காந்தம் வயதானால் கனிகிறது என்பவற்றுக்கெல்லாம் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் சம அளவில் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு நான் கேட்டபோது எனக்குப் பிடிபடவில்லை. மாறாக, மெழுகில் தோய்க்காத பிக்கப் உரத்த ஆம்ப்பின் முன் வீல் என்று அலறும் என்பதும், தடித்த பித்தளை மூடி மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தின்னும் என்பதும் கண்கூடு. இன்னொரு மனித பலவீனத்தையும் கணக்கில் எடுங்கள்: இரண்டு ஒலிகளில் சற்று உரக்கக் கேட்பது எப்போதும் 'நல்லதாக'த் தோன்றும். புது பிக்கப் மாட்டும் அன்று புதுத் தந்தியும் மாட்டுவோம், அதன் மினுக்கத்தையும் பிக்கப்பின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் இணையத்தில் வரும் பாராட்டு மழையில் பாதியை நான் தந்திக்காரருக்குக் கொடுத்துவிடுவேன்.

இந்த வார இறுதியில் பெரிய செலவில்லாமல் ஒன்று செய்யுங்கள். தந்தியைப் புதிதாக்குங்கள்; நம் ஈரக் காற்றில் அது வாரக்கணக்கில்தான் உயிரோடு இருக்கும், பிக்கப்பின் கட்டைகள்கூட நாளாவட்டத்தில் துருப்பிடிக்கும். பிறகு முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் பிக்கப் கட்டையின் தலைக்கும் உள்ள இடைவெளியை எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். சாதாரண சிங்கிள் காயிலுக்குத் தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 என்பது ஃபெண்டர் தரும் தொடக்க அளவு; ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 1.6. என்னிடம் வரும் 'மெலிந்த' கிட்டார்களில் பாதிக்கு மேல் நாலு, ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போய்க் கிடக்கும். திருகைக் கால் சுற்றுத் திருப்பி ஒரு தடவை வாசியுங்கள், மறுபடி கால் சுற்று. ரொம்ப நெருக்கினால் சிங்கிள் காயிலின் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே தடித்த தந்தியில் சுருதி இரட்டையாக அலைபாயும். அப்படிக் கேட்டால் இறக்குங்கள். மேலும் கீழுமாக அரை மணி நேரம் போனால், பிக்கப்பை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு அதுவே பாதி பதில் சொல்லிவிடும்.

அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் வாங்கும் முன் அளக்க வேண்டியவை உண்டு. முதல் கட்டையின் நடுவிலிருந்து ஆறாவதன் நடு வரை எவ்வளவு? ஹம்பக்கர்கள் 50 மில்லிமீட்டர் பக்கம் ஒன்று, 53 பக்கம் ஒன்று என இரண்டு அளவில் வரும். ஸ்ட்ராட் பிரிட்ஜுக்குப் பெரும்பாலும் அகலமானது பொருந்தும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினால் ஒலி கெட்டுவிடாது, ஆனால் காசு கொடுத்து வாங்குவதை ஏன் கோணலாக வாங்க வேண்டும்? முகப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றிக் குழியின் ஆழத்தையும் பாருங்கள், அடுக்குச் சுருள் வகை கொஞ்சம் உயரமானது. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (மாறும் மின்தடை) 250 கிலோ ஓமா 500ஆ என்றும் பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். உங்கள் மாதிரிக் கலப்புக் கிட்டாரில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த மலிவான தந்திரம், 500 பாட் போட்டுவிட்டு, சிங்கிள் காயிலின் ஹாட் முனைக்கும் (ஒலியை வெளியே கொண்டுபோகும் வயர்) எர்த்துக்கும் நடுவில் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்வது. சிங்கிள் காயிலுக்கு அது 242 கிலோ ஓம் ஆகத் தெரியும், ஹம்பக்கருக்கு 500 ஆகவே இருக்கும். சிம் லிம் டவரில் சில காசுக்குக் கிடைக்கும் சாமான்.

வயர் நிறங்களில் ஏமாந்துவிடாதீர்கள். நாலு வயர் ஹம்பக்கரில் சீமோர் டங்கன் கம்பெனியில் கறுப்பை ஹாட்டாக வைத்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி விடச் சொல்வார்கள். டிமார்சியோவில் சிவப்புதான் ஹாட், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகப் போகும். இரண்டிலும் பச்சை எர்த்துக்கு. ஒரு கம்பெனிப் படத்தைப் பார்த்து இன்னொரு கம்பெனிப் பிக்கப்பை இணைத்தால், தனித்தனியாக நன்றாக ஒலிக்கும் இரண்டு பிக்கப்புகள் சேரும்போது தகரடப்பா ஒலி வரலாம். மெலிவு என்று நீங்கள் சொல்வது சேர்த்து வைக்கும் நிலைகளில் மட்டும் என்றால், யாராவது முன்பே இப்படி எதிர்ப் பக்கம் இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது: கிட்டாரில் கேபிளைச் சொருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வைத்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கட்டையில் ஒட்டவைத்து வெடுக்கென்று எடுங்கள். அந்தக் கணத்தில் எண் கூட்டலில் துள்ளுகிறதா, கழித்தலில் துள்ளுகிறதா? எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். முள் வைத்த பழைய மீட்டரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். என்னுடையது சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது, 2017இல் அந்தச் சந்தையை மூடுவதற்கு ரொம்ப முன்னால். இன்றும் இந்த ஒரு வேலைக்காக வைத்திருக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பிரிட்ஜ் ஹம்பக்கரைத் தொடமாட்டேன். உயரம், கேபிள், மிக்சர் மூன்றையும் சரி செய்த பிறகும் உறுமல் மனசை அரித்தால், நெக்குக்கும் நடுவுக்கும் நாய்ஸ்லெஸ் சிங்கிள் காயில் ஒரே கம்பெனியில் ஜோடியாக வாங்குவேன், பழைய பாணி அளவான வெளியீடு உள்ளதாகப் பார்த்து. பிரிட்ஜ் ஒலி பிறகும் உறுத்தினால் எட்டு கிலோ ஓம் பக்கம், அல்நிக்கோ 5 காந்தம், நாலு வயர் உள்ள ஹம்பக்கர்; அதற்கு மேல் ஏறமாட்டேன். பிராண்டைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை, பேர் பெற்ற நாலைந்து கம்பெனிகளில் எதுவும் மோசம் போகாது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் ஒரு மாலை நடந்து, நீங்கள் விரும்பும் பிக்கப் உள்ள கிட்டாரை உங்கள் சொந்தக் கேபிளில் வாசித்துப் பாருங்கள். கேரோசல் செயலியில் பழையது வாங்கினால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஓம் முடிவிலியாகக் காட்டினால் சுருள் அறுந்தது, பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 சதவீத ஜிஎஸ்டியும் அனுப்பும் செலவும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சால்டர் பழக்கம் இல்லையென்றால் முதல் முயற்சியை உங்கள் மேடைக் கிட்டாரில் செய்யாதீர்கள். வால்யூம் பாட்டின் முதுகில் எர்த் வயரை ஒட்டவைப்பதுதான் புதியவர்களுக்குத் தகராறு; சின்ன சால்டர் இரும்பு போதிய அளவு சூடேறாது, பயந்து ரொம்ப நேரம் வைத்தால் பாட் வெந்துவிடும். இரண்டு வெள்ளிக்குப் பழைய பாட் ஒன்றை வாங்கி, முதுகை எமரித் தாளால் தேய்த்து, மூன்று நொடியில் ஈயம் பளபளவென்று பரவும் வரை பழகுங்கள். பழைய பிக்கப்பை எடுக்கும்போது வயரை வெட்டாமல் ஈயத்தை இளக்கிக் கழற்றுங்கள், முழு நீள வயரோடு பெட்டியில் போட்டு வையுங்கள். நான் திரும்ப ஏற்றினேன் என்று சொன்னேனே, அந்தப் பிக்கப்பின் வயரை அவசரத்தில் வெட்டிவிட்டு, ஒட்டுப் போட்டு டேப் சுற்றி வைத்திருந்தேன். இன்றும் அந்தக் கிட்டாரைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த ஒட்டுதான்.